டான்சில், அடினாய்டு அறுவை சிகிச்சை: அகற்றிய சதையை ஆய்வகத்துக்கு அனுப்புவது அவசியமா?

குழந்தைகளுக்குச் செய்யப்படும் அறுவை சிகிச்சைகளில் மிகவும் பரவலானவற்றுள் டான்சில், அடினாய்டு அகற்றும் சிகிச்சைகளும் அடங்கும். அறுவை முடிந்ததும், வெட்டி எடுக்கப்பட்ட சதை இரண்டில் ஒரு வழியில் செல்கிறது. ஒன்று, ஃபார்மலின் நிரப்பிய புட்டியில் இடப்பட்டு நோயியல் ஆய்வகத்துக்கு அனுப்பப்படுகிறது. மற்றொன்று, உயிரி மருத்துவக் கழிவுக்கான மஞ்சள் பையில் இடப்பட்டு எரியூட்டப்படுகிறது.

எந்த வழியைத் தேர்ந்தெடுப்பது என்பதில் மருத்துவமனைகளின் நடைமுறை ஒன்றுபோல் இல்லை. சில மருத்துவமனைகள் அகற்றப்பட்ட ஒவ்வொரு திசுவையும் நுண்ணோக்கியில் பரிசோதிக்கின்றன. வேறு சில, சந்தேகம் எழுந்தால் மட்டுமே அனுப்புகின்றன. "பயாப்சிக்கு அனுப்புகிறோம்" என்ற சொல்லைக் கேட்டதுமே புற்றுநோயோ என்று பெற்றோர் அஞ்சுவதும் உண்டு. அனுப்பாமல் விட்டுவிட்டார்களே என்று பின்னர் வருந்துவோரும் உண்டு. இந்தப் பரிசோதனை எதற்காக, யாருக்கு இன்றியமையாதது, யாருக்கு அவ்வளவு தேவைப்படாதது என்பதை விளக்குகிறது இந்தத் தொகுப்பு.

டான்சில், அடினாய்டு என்பவை யாவை?

வாயைத் திறந்தால் தொண்டையின் இருபுறமும் தெரியும் சதைத் திரட்சிகளே டான்சில்கள். மூக்கின் பின்புறம், அண்ணத்துக்கு மேலே, வெறும் கண்ணால் காண இயலாத இடத்தில் இருப்பது அடினாய்டு. இவை இரண்டும், நாக்கின் அடிப்பகுதியில் உள்ள இதே வகைத் திசுவும் சேர்ந்து, தொண்டையைச் சுற்றி ஒரு வளையம் போல அமைந்துள்ளன. ஜெர்மன் உடற்கூறியலாளர் வால்டையரின் பெயரால் இது 'வால்டையர் வளையம்' எனப்படுகிறது.

இவை நிணநீர்த் திசுக்கள். மூச்சுக்காற்று, உணவு ஆகியவற்றின் வழியாக வரும் கிருமிகளை அடையாளம் கண்டு, எதிர்ப்பாற்றலை உருவாக்குவது இவற்றின் பணி. குழந்தைப் பருவத்தில் இவை பெரிதாக இருப்பது இயல்பு. வளரிளம் பருவத்துக்குப் பின் அடினாய்டு படிப்படியாகச் சுருங்கிவிடும்.

ஏன் அகற்றப்படுகின்றன?

அடிக்கடி வரும் தொண்டை அழற்சியும், உறக்கத்தில் ஏற்படும் மூச்சுத்தடையுமே முதன்மையான காரணங்கள். ஓராண்டில் 7 முறை, அல்லது தொடர்ந்து 2 ஆண்டுகள் ஆண்டுக்கு 5 முறை, அல்லது தொடர்ந்து 3 ஆண்டுகள் ஆண்டுக்கு 3 முறை கடும் தொண்டை அழற்சி வந்தால் அறுவை சிகிச்சையைப் பரிசீலிக்கலாம் என்பது மருத்துவ உலகில் பரவலாகப் பின்பற்றப்படும் அளவுகோல். குறட்டை, வாயால் மூச்சு விடுதல், உறக்கத்தின் நடுவே மூச்சு நின்று மீளுதல் ஆகியவை மற்றொரு வகை. அடினாய்டு பெரிதாகி நடுச்செவியின் காற்றுக்குழாயை அடைத்தால், செவிப்பறைக்குப் பின்னால் நீர் கோர்த்துக் கேட்கும் திறனும் குறையும்.

இந்தக் காரணங்களுக்காக அகற்றப்படும் திசுவில் பெரும்பாலும் காணப்படுவது, கிருமிகளோடு போராடியதால் ஏற்பட்ட வீக்கமே தவிர வேறு நோயன்று. ஆயினும், வெளித்தோற்றத்தில் சாதாரண வீக்கமாகத் தெரியும் டான்சிலுக்குள் மிக அரிதாக வேறு நோய் மறைந்திருக்கக்கூடும். வழக்கமான ஆய்வகப் பரிசோதனை தேவையா என்ற விவாதம் அங்கிருந்தே தொடங்குகிறது.

ஆய்வகத்தில் நடப்பது என்ன?

அறுவை அரங்கிலிருந்து வரும் திசு, அழுகிச் சிதையாமல் இருக்க, 10 சதவீத ஃபார்மலின் கரைசலில் இடப்படுகிறது. திசுவின் அளவைப்போல் குறைந்தது 10 மடங்கு கரைசல் இருக்க வேண்டும் என்பது பொது விதி. ஆய்வகத்தில் முதலில் வெறும் கண்ணால் பரிசோதனை நடைபெறும். திசுவின் நீளம், அகலம், நிறம், மேற்பரப்பு ஆகியவை பதிவு செய்யப்படும். பின்னர் அதைக் குறுக்காக வெட்டி உட்புறத்தில் கட்டியோ, நிறமாற்றமோ, புண்ணோ உள்ளதா என்று பார்ப்பார்கள்.

அதன்பின் தேர்ந்தெடுத்த சிறு துண்டுகளிலிருந்து நீர் அகற்றப்பட்டு, அவை மெழுகுக் கட்டியில் பதிக்கப்படும். அக்கட்டியை மைக்ரோடோம் என்னும் கருவி 3 முதல் 5 மைக்ரான் கனமுள்ள சீவல்களாகச் சீவும். ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. இந்தச் சீவல் கண்ணாடி வில்லையில் ஒட்டப்பட்டு, ஹெமட்டாக்சிலின், இயோசின் என்ற இரு சாயங்களால் நிறமேற்றப்படும். செல்களின் உட்கரு நீலமாகவும் மற்ற பகுதிகள் இளஞ்சிவப்பாகவும் தெரியும். அதனை நோயியல் மருத்துவர் நுண்ணோக்கியில் பார்த்து அறிக்கை எழுதுவார். இதற்குப் பொதுவாகச் சில நாள்கள் முதல் ஒரு வாரம் வரை ஆகும்.

ஐயம் எழுந்தால் கூடுதல் சாயப் பரிசோதனைகள் செய்யப்படும். காசநோய்க் கிருமியைக் காண ஒரு சாயம், செல்லின் வகையை அறிய எதிர்ப்பொருள் அடிப்படையிலான சாயங்கள் எனப் பல உள்ளன. மெழுகுக் கட்டிகளும் கண்ணாடி வில்லைகளும் பல ஆண்டுகள் கெடாமல் இருக்கும் என்பதால், வேறொரு மருத்துவமனையில் இரண்டாவது கருத்துப் பெறவும் அவை உதவும்.

அறிக்கையில் வரும் சொற்கள்

பெரும்பாலான அறிக்கைகளில் இடம்பெறுவது 'ரியாக்டிவ் லிம்பாய்டு ஹைப்பர்பிளேசியா' அல்லது 'குரானிக் டான்சிலைட்டிஸ்' என்ற சொற்களாகும். முன்னது, கிருமிகளுக்கு எதிர்வினையாக நிணநீர்த் திசு பெருத்துள்ளது என்பதையும், பின்னது நாள்பட்ட அழற்சி இருந்துள்ளது என்பதையும் குறிக்கும். இரண்டும் புற்றுநோயல்ல, புற்றுநோயாக மாறும் நிலையுமல்ல.

'ஆக்டினோமைசிஸ்' என்ற பாக்டீரியாத் திரள் காணப்பட்டதாகச் சில அறிக்கைகள் கூறும். டான்சிலின் குழிகளில் இக்கிருமி நோய் எதுவும் விளைவிக்காமல் தங்கியிருப்பது வழக்கமான ஒன்றே. பெரும்பாலும் இதற்குத் தனிச் சிகிச்சை தேவைப்படுவதில்லை.

'கிரானுலோமா' என்ற சொல் இருந்தால் மட்டும் கவனம் தேவை. காசநோய் உள்ளிட்ட சில நோய்களில் காணப்படும் செல் திரட்சி அது. டான்சிலில் காசநோய் அரிதானதாயினும், இந்தியாவில் காசநோய்ச் சுமை அதிகம் என்பதால் நோயியல் மருத்துவர்கள் இதனை மறவாமல் தேடுகின்றனர். கண்டறியப்பட்டால் நுரையீரலிலும் நோய் உள்ளதா என்று பார்க்க வேண்டும். காசநோயை அரசுக்குத் தெரிவிப்பது 2012 முதல் கட்டாயம். தேசிய காசநோய் ஒழிப்புத் திட்டத்தின் கீழ் பரிசோதனையும் மருந்துகளும் இலவசமாக வழங்கப்படுகின்றன.

புள்ளிவிவரங்கள் சொல்வது என்ன?

இந்த விவாதத்தில் அடிக்கடி மேற்கோள் காட்டப்படும் ஆய்வுத் தொகுப்பு ஒன்று 2007இல் 'லாரிங்கோஸ்கோப்' மருத்துவ இதழில் வெளியானது. 20 ஆய்வுகளில் இடம்பெற்ற 54,901 நோயாளிகளின் விவரங்களை அது ஒருங்கே ஆராய்ந்தது. அவர்களில் புற்றுநோய் கண்டறியப்பட்டவர்கள் 54 பேர். அதாவது, ஆயிரம் பேருக்கு ஒருவருக்கும் சற்றுக் குறைவு.

அந்த 54 பேரில் 48 பேருக்கு, அறுவைக்கு முன்பே சந்தேகத்துக்குரிய அறிகுறி இருந்தது. ஒரு பக்க டான்சில் பெரிதாக இருந்தது, கழுத்தில் நெறிக்கட்டி இருந்தது, அல்லது டான்சிலின் தோற்றம் மாறுபட்டிருந்தது. எவ்வித அறிகுறியும் இன்றிப் புற்றுநோய் வெளிப்பட்டவர்கள் 6 பேர் மட்டுமே. எனவே சந்தேகம் இல்லாதவர்களுக்கு வழக்கமான நுண்ணோக்கிப் பரிசோதனை தேவையில்லை என்பது அந்த ஆய்வின் முடிவு.

இதற்கு முன், 1998இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்று, டான்சில் அகற்றப்பட்ட 476 பெரியவர்களை மட்டும் ஆராய்ந்தது. அவர்களில் 25 பேருக்குப் புற்றுநோய் இருந்தது. அந்த 25 பேரிடமும் குறைந்தது ஓர் ஆபத்து அறிகுறியாவது முன்பே காணப்பட்டது. அறிகுறி ஏதும் இல்லாதவர்களிடம் புற்றுநோய் காணப்படவில்லை.

இரண்டு ஆய்வுகளும் ஒரே செய்தியை இரு பக்கங்களிலிருந்து கூறுகின்றன. சந்தேகம் இல்லாத இடத்தில் பரிசோதனையால் கிடைப்பது மிகக் குறைவு. சந்தேகம் உள்ள இடத்தில், குறிப்பாகப் பெரியவர்களிடம், அதைத் தவிர்ப்பது ஆபத்து. ஆகவே, அறுவைக்கு முன் மருத்துவர் எவ்வளவு கவனமாகத் தொண்டையையும் கழுத்தையும் பரிசோதிக்கிறார் என்பதே மற்ற அனைத்தையும் தீர்மானிக்கிறது.

யாருக்குக் கட்டாயம்?

கீழ்க்காணும் நிலைகளில் அகற்றப்பட்ட திசுவை நுண்ணோக்கிப் பரிசோதனைக்கு அனுப்புவது அவசியமாகும்:

• ஒரு பக்க டான்சில் மற்றொன்றைவிடத் தெளிவாகப் பெரிதாக இருத்தல், குறிப்பாக அது குறுகிய காலத்தில் வளர்ந்திருத்தல்

• டான்சிலில் ஆறாத புண், கடினத்தன்மை அல்லது மாறுபட்ட நிறம் காணப்படுதல்

• கழுத்தில் மறையாத நெறிக்கட்டி இருத்தல்

• காரணமின்றி எடை குறைதல், தொடர் காய்ச்சல், இரவில் மிகுதியாக வியர்த்தல்

• தலை, கழுத்துப் பகுதியில் முன்பு புற்றுநோய் வந்திருத்தல்

• உறுப்பு மாற்று சிகிச்சை பெற்றவர், எச்.ஐ.வி. தொற்று உள்ளவர் உள்ளிட்ட எதிர்ப்பாற்றல் குறைந்தவர்கள்

இவற்றுள் முதலாவது அறிகுறி குழந்தைகளிடம் பலமுறை தோற்ற மயக்கமாகவே முடிகிறது. இரு டான்சில்களும் ஒரே அளவில் இருந்தாலும், அவை அமைந்துள்ள குழியின் ஆழம் வேறுபடுவதால் ஒன்று பெரிதாகத் தெரியக்கூடும். ஆயினும், சில வாரங்களில் வேகமாகப் பெருத்த ஒரு பக்க டான்சிலைத் தோற்ற மயக்கம் என்று விட்டுவிட இயலாது. குழந்தைகளின் டான்சிலில் அரிதாக வரும் புற்றுநோய்களில் முதன்மையானது லிம்போமா எனப்படும் நிணநீர்ப் புற்றுநோய். அதில் சில வகைகள் மிக விரைவாக வளர்பவை. உரிய காலத்தில் கண்டறிந்தால் சிகிச்சைக்கு நன்கு கட்டுப்படுபவையும்கூட.

பெரியவர்கள் நிலை வேறு

பெரியவர்களின் டான்சிலில் வரும் புற்றுநோய்களில் செதிள் செல் புற்றுநோய் முதலிடத்திலும், லிம்போமா அடுத்த இடத்திலும் உள்ளன. செதிள் செல் புற்றுநோய்க்குப் புகையிலை, மது, எச்.பி.வி. எனப்படும் பாப்பிலோமா வைரஸ் ஆகியவை காரணங்கள். இந்தியாவில் 2016-17ஆம் ஆண்டு நடத்தப்பட்ட உலகளாவிய வயதுவந்தோர் புகையிலைக் கணக்கெடுப்பின்படி, 28.6 சதவீதப் பெரியவர்கள் ஏதேனும் ஒரு வடிவில் புகையிலை பயன்படுத்துகின்றனர். எனவே மேலை நாடுகளில் குழந்தைகளை மையமாகக் கொண்டு எட்டப்பட்ட முடிவுகளை, புகையிலைப் பழக்கமுள்ள இந்தியர் ஒருவருக்கு அப்படியே பொருத்திப் பார்க்க இயலாது.

அடினாய்டைப் பொறுத்தவரை வயதே ஓர் எச்சரிக்கை. சுருங்கியிருக்க வேண்டிய அடினாய்டு நடுத்தர வயதில் பெரிதாக இருந்தால், அது லிம்போமாவா, எச்.ஐ.வி. தொற்றின் விளைவா, மூக்குத்தொண்டைப் புற்றுநோயா என்று பார்க்க வேண்டும். இந்த மூன்றாவது வகை இந்தியாவின் பெரும்பகுதியில் அரிது. ஆனால் நாகாலாந்து உள்ளிட்ட வடகிழக்கு மலைப் பகுதிகளில் நாட்டின் பிற பகுதிகளைவிட மிக அதிகமாகக் காணப்படுகிறது. கழுத்தில் வலியற்ற கட்டி, ஒரு காதில் மட்டும் அடைப்பு, மூக்கில் இரத்தக் கசிவு ஆகியவை அதன் தொடக்க அறிகுறிகள். அங்கு ஒரு பெரியவரின் மூக்குக்குப் பின்னாலிருந்து அகற்றப்படும் எந்தச் சதையையும் சாதாரண அடினாய்டு என்று கருதிவிடலாகாது.

கழுத்து நெறிக்கட்டியில் புற்றுநோய் உறுதியாகி, அது எங்கிருந்து பரவியது என்று தெரியாத நிலையிலும் டான்சில் அகற்றப்படுவதுண்டு. இங்கு அறுவையின் நோக்கமே பரிசோதனைதான். டான்சிலின் குழிகளுக்குள் சில மில்லிமீட்டர் அளவிலான கட்டிகூட ஒளிந்திருக்கலாம் என்பதால் முழுத் திசுவும் சீவப்பட்டு ஆராயப்படுகிறது.

எல்லோருக்கும் செய்துவிடலாமே?

அரிதாயினும் புற்றுநோய் தப்பிவிடக்கூடாது என்பது அனைத்துத் திசுவையும் பரிசோதிக்க வேண்டும் என்போரின் வாதம். அகற்றப்பட்டது எது என்பதற்கு ஆவணச் சான்றாகவும் அறிக்கை அமைகிறது.

எதிர்த் தரப்பு, செலவையும் நோயியல் மருத்துவர்களின் நேரத்தையும் சுட்டிக்காட்டுகிறது. ஆயிரக்கணக்கான இயல்பான டான்சில்களைப் பார்க்கச் செலவாகும் நேரம், அவசரமாக முடிவு தெரிய வேண்டிய மார்பக, குடல் திசுக்களுக்குக் கிடைக்காமல் போகக்கூடும். தவறான அச்சம் எழும் வாய்ப்பும் உண்டு. எடுத்துக்காட்டாக, எப்ஸ்டீன்-பார் வைரஸ் தொற்றால் வீங்கிய டான்சில், நுண்ணோக்கியில் லிம்போமாவைப் போலவே தோன்றக்கூடும்.

இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட வழியாகச் சில மருத்துவமனைகள், சந்தேகம் இல்லாத குழந்தைகளின் டான்சில்களை வெறும் கண்ணால் அளந்து, வெட்டிப் பார்த்து, மாறுபாடு தெரிந்தால் மட்டும் நுண்ணோக்கிக்கு அனுப்புகின்றன. எந்தெந்தத் திசுக்களுக்கு விலக்கு அளிக்கலாம் என்பதை அந்தந்த மருத்துவமனையே எழுத்துப்பூர்வக் கொள்கையாக வகுத்துக்கொள்ள அமெரிக்க நோயியல் மருத்துவர்கள் கல்லூரியும் இடமளிக்கிறது.

அறுவை முறையும் ஒரு காரணி

கத்தியால் வெட்டி அகற்றும் பழைய முறையில் டான்சில் முழுமையாகக் கிடைக்கும். கோப்ளேஷன் போன்ற புதிய முறைகளில், உப்புநீரும் மின்னாற்றலும் கொண்டு திசு இருந்த இடத்திலேயே கரைக்கப்படுவதும் உண்டு. மைக்ரோடிபிரைடர் என்ற சுழல்கருவியோ திசுவைத் துருவி உறிஞ்சிவிடும். டான்சிலின் ஒரு பகுதியை மட்டும் இவ்வாறு குறைக்கும் சிகிச்சையில், ஆய்வகத்துக்கு அனுப்ப எதுவும் மிஞ்சாமல் போகலாம்.

வலியும் இரத்தக் கசிவும் குறைவு என்பதால் இம்முறைகளை விரும்புவோர் அதிகரித்துள்ளனர். ஆனால் சந்தேக அறிகுறி இருப்பவருக்கு, திசுவைச் சிதைக்காமல் முழுமையாக எடுக்கும் முறையே பொருத்தமானது. இதனை அறுவைக்கு முன்பே முடிவு செய்ய வேண்டும். கரைந்துபோன திசுவை மீட்க வழியில்லை.

புட்டியில் நேரும் தவறுகள்

சரியான முடிவு எடுத்த பின்னரும், திசு அனுப்பும் விதத்தில் நேரும் பிழையால் பரிசோதனை பயனற்றுப்போகக்கூடும். வலது, இடது டான்சில்களை ஒரே புட்டியில் இட்டால், புற்றுநோய் தெரிந்தாலும் எந்தப் பக்கம் என்று சொல்ல இயலாது. அடுத்த சிகிச்சை அதனாலேயே சிக்கலாகும். எனவே இரண்டும் தனித்தனிப் புட்டிகளில், பெயரும் பக்கமும் எழுதி அனுப்பப்பட வேண்டும்.

லிம்போமா சந்தேகம் இருந்தால் திசுவின் ஒரு பகுதியை ஃபார்மலினில் இடாமல் உடனடியாக ஆய்வகத்துக்குக் கொண்டுசெல்ல வேண்டியிருக்கும். காசநோய்க் கிருமியை வளர்த்துப் பார்க்க வேண்டுமெனில் உப்புநீரில் அனுப்ப வேண்டும். ஃபார்மலின் கிருமியைக் கொன்றுவிடும். நோயாளியின் வயது, அறிகுறிகள், சந்தேகிக்கும் நோய் ஆகியவை விண்ணப்பத்தில் எழுதப்படாவிட்டால், எதைத் தேடுவது என்று நோயியல் மருத்துவருக்குத் தெரியாமல் போகும்.

வாங்கப்படாத அறிக்கைகள்

டான்சில் அறுவைக்குப் பின் நோயாளி பெரும்பாலும் அன்றோ மறுநாளோ வீடு திரும்புகிறார். ஆய்வக அறிக்கை அதற்குச் சில நாள்கள் கழித்தே வருகிறது. தொண்டை வலி தீர்ந்து குழந்தை நன்றாகச் சாப்பிடத் தொடங்கியதும் மறு பரிசோதனைக்குச் செல்வதைக் குடும்பத்தினர் தவிர்த்துவிட்டால், அறிக்கை யாரும் படிக்காமல் கோப்பிலேயே தங்கிவிடும். அத்தகைய அறிக்கையும், செய்யப்படாத பரிசோதனையும் ஒன்றே.

ஆயுஷ்மான் பாரத் பிரதமரின் மக்கள் ஆரோக்கியத் திட்டத்தில் தகுதியுள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு ரூ.5 லட்சம் வரை மருத்துவமனைச் சிகிச்சைக்கான பாதுகாப்பு உண்டு. அனுமதிக்கு முந்தைய 3 நாள்களும், வீடு திரும்பிய பின் 15 நாள்களும் ஆகும் பரிசோதனை, மருந்துச் செலவுகளும் இதில் அடங்கும். தனியார் காப்பீடு பெற்றவர்கள், திசுப் பரிசோதனைக் கட்டணம் அதில் சேர்ந்துள்ளதா என்று முன்கூட்டியே கேட்டறிவது நல்லது.

மருத்துவ ஆவணங்களைக் கேட்டுப் பெறுவது நோயாளியின் உரிமை. கோரிக்கை வந்த 72 மணி நேரத்துக்குள் ஆவணங்களை வழங்க வேண்டும் என்று 2002ஆம் ஆண்டின் இந்திய மருத்துவக் கவுன்சில் தொழில் நெறிமுறை விதிகள் கூறுகின்றன.

நாடே பயன்பெற்ற சதை

அகற்றப்பட்ட டான்சில்கள் ஒரு நாட்டின் பொது சுகாதாரக் கேள்விக்கே விடை தேட உதவியதும் உண்டு. மாட்டு மூளை நோயுடன் தொடர்புடைய 'வேரியன்ட் சிஜேடி' என்னும் கொடிய மூளை நோய் 1996இல் பிரிட்டனில் அறியப்பட்டது. அதற்குக் காரணமான பிரியான் புரதம், நோய் வெளிப்படும் முன்பே டான்சிலில் சேரக்கூடியது. எனவே அங்கு அறுவைகளில் அகற்றப்பட்ட டான்சில்கள் பெயர் விவரங்கள் நீக்கப்பட்டுச் சேகரிக்கப்பட்டன. 63,007 மாதிரிகளின் முடிவுகள் 2009இல் வெளியாயின. உறுதி செய்யப்பட்ட பாதிப்பு எதுவும் அவற்றில் காணப்படவில்லை.

பெற்றோர் கேட்க வேண்டிய கேள்விகள்

அறுவைக்கு ஒப்புதல் கையொப்பமிடும் முன் நான்கு கேள்விகளுக்கு விடை பெறுவது பயனுள்ளது. இரு டான்சில்களும் ஒரே அளவில் உள்ளனவா, கழுத்தில் கட்டி ஏதும் தட்டுப்படுகிறதா? எந்த முறையில் அறுவை நடைபெறும், திசு முழுமையாகக் கிடைக்குமா? திசு ஆய்வகத்துக்கு அனுப்பப்படுமா, அனுப்பப்படாவிட்டால் காரணம் என்ன? அறிக்கை எப்போது வரும், அதை யார் விளக்குவார்?

இரு டான்சில்களும் ஒத்திருந்து, வேறு அறிகுறி ஏதும் இல்லாத குழந்தையின் திசு நுண்ணோக்கிக்குச் செல்லாவிட்டால், அதனைக் கவனக்குறைவு என்று கருத வேண்டியதில்லை. அறிகுறி ஒன்று இருந்தும் திசு மஞ்சள் பைக்குச் சென்றால், அதை ஏற்கலாகாது. திசு எரியூட்டப்பட்ட பின் எழும் எந்தச் சந்தேகத்தையும் தீர்க்க ஆய்வகத்தால் இயலாது என்பதால், இம்முடிவு அறுவைக்கு முன்பே எடுக்கப்பட்டிருக்க வேண்டும்.